எழுத முடிகிறது, படிக்க முடியவில்லை: பக்கவாதத்துக்குப் பின் வாசிப்பு மீளுமா?

உங்கள் கேள்வியை மற்றவர்களும் பின்தொடர வசதியாக முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் தந்தையாருக்கு 64 வயது; பினாங்கில் இருக்கிறார். துறைமுக அலுவலகத்தில் கிராணியாக வேலை செய்து ஓய்வு பெற்றவர். காலையில் தமிழ் நாளிதழை முதல் பக்கத்திலிருந்து இரங்கல் அறிவிப்புகள் வரை விடாமல் வாசிக்கும் பழக்கம் உள்ளவர். இரண்டு மாதங்களுக்கு முன் மூளையின் இடப்பக்கப் பின்பகுதிக்குச் செல்லும் ரத்தக்குழாய் அடைத்துப் பக்கவாதம் வந்தது. கை, கால், பேச்சு எதற்கும் பாதிப்பு இல்லை. ஆனால் தமிழ், மலாய், ஆங்கிலம் ஆகிய மூன்றில் எதையும் படிக்க இயலவில்லை. நீங்கள் சொல்லச் சொல்ல ஒரு முழுக் கடிதம் எழுதுகிறார்; அதே கடிதத்தைச் சற்று நேரம் கழித்துக் காட்டினால், தம் கையெழுத்தையே படிக்க முடியாமல் திகைக்கிறார். வலப்பக்கக் கதவு நிலையில் அடிக்கடி தோள் இடித்துக்கொள்கிறார். புதுக் கண்ணாடி வாங்கியும் பயனில்லை. உறவினர் ஒருவர் தமிழ்ப்பள்ளி முதலாம் ஆண்டுப் பாடநூலைக் கொண்டுவந்து கொடுத்தபோது அதைத் தள்ளி வைத்துவிட்டு அன்று முழுவதும் யாரோடும் பேசவில்லை. வாசிப்பு திரும்ப வருமா, எந்த மொழியில் தொடங்குவது, வீட்டில் என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். கோலாலம்பூரில் பக்கவாத நோயாளிகளின் மொழிப் பயிற்சியில் நீண்ட காலமாக ஈடுபட்டு வருபவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்தவற்றைச் சொல்கிறேன்.

வாசிப்பு ஓரளவுக்குத் திரும்பும் என்று எதிர்பார்க்கலாம். பழைய வேகம் முழுவதுமாகத் திரும்புவது அரிது. உங்கள் தந்தையாரைப் போல எழுத்தும் பேச்சும் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறனும் அப்படியே நிலைத்திருப்பவர்களுக்கு, வாசிப்புக்கு வேறொரு வழியைக் கட்டிக்கொள்ளத் தேவையான பொருள்கள் பெரும்பாலும் கைவசம் இருக்கின்றன. அந்த முதலாம் ஆண்டுப் பாடநூலை உடனே எடுத்துவிடுங்கள். அவர் தமிழையோ எழுத்தையோ மறந்துவிடவில்லை. ‘அம்மா’ என்று எழுதக் கற்றுக்கொண்ட அறிவு அவருக்குள் அப்படியே இருக்கிறது. கண் வழியாக அந்த அறிவைச் சென்றடையும் பாதைதான் துண்டிக்கப்பட்டிருக்கிறது. அறுபதைக் கடந்த ஒருவரிடம் பிள்ளைகளின் படப்புத்தகத்தைக் கொடுப்பது மருத்துவ அளவில் தவறான சிகிச்சை. மனத்தளவில் அது அவமதிப்பு. அவர் அதைத் தள்ளி வைத்ததில் நியாயம் இருக்கிறது.

எழுதத் தெரிந்தவருக்கு எப்படிப் படிக்கத் தெரியாமல் போகும் என்ற வியப்பு உங்களுக்கு மட்டும் உரியதன்று. 1887ஆம் ஆண்டு பாரிஸ் நகரில், நன்கு படித்த ஒரு துணி வணிகருக்கு இதே நிலை ஏற்பட்டது. திடீரென்று ஒரு நாள் அவரால் எந்தச் சொல்லையும் படிக்க முடியவில்லை. ஆனால் பேசினார், எழுதினார், எண்களைப் படித்தார், கணக்குப் போட்டார். எழுத்தின் வடிவத்தை விரலால் வரைந்து பார்த்தால் அது இன்ன எழுத்து என்று சொல்லவும் அவரால் முடிந்தது. அவரைப் பரிசோதித்த நரம்பியல் மருத்துவர் ஜூல் டெஜெரீன், நோயாளி இறந்தபின் மூளையை ஆராய்ந்து 1892இல் தம் விளக்கத்தை வெளியிட்டார். இடப்பக்க மூளையின் பின்கோடியிலுள்ள பார்வைப் பகுதியும், வலது இடது மூளைகளை இணைக்கும் நரம்புக் கற்றையின் பின்முனையும் சேதமடைந்திருந்தன என்பது அவர் கண்டது. மொழியை ஆளும் பகுதிகள் பெரும்பாலானவர்களுக்கு இடப்பக்க மூளையில் உள்ளன. இடப்பக்கப் பார்வைப் பகுதி அழிந்ததும், எழுத்தைப் பார்க்கும் வேலை முழுவதும் வலப்பக்க மூளையின் பொறுப்பாகிவிடுகிறது. அங்கிருந்து செய்தி இடப்பக்கத்துக்குச் செல்ல வேண்டிய இணைப்போ அறுந்து கிடக்கிறது. பினாங்குப் பாலங்களும் பெரிப் படகும் ஒரே நாளில் நின்றுபோனால், பெருநிலக்கரையிலுள்ள பட்டர்வொர்த்துக்கு வந்துசேர்ந்த கடிதம் தீவிலுள்ள ஜார்ஜ்டவுனுக்குப் போகாமல் கரையிலேயே தங்கிவிடுவதைப் போன்றது இது. எழுதும் ஆணை தீவுக்குள்ளேயே பிறந்து தீவுக்குள்ளேயே நிறைவேறுவதால் எழுத்துக்கு இடைஞ்சல் இல்லை.

பின்னர் வந்த ஆராய்ச்சி இந்த விளக்கத்தை மேலும் கூர்மையாக்கியது. 1965இல் நார்மன் கெஷ்விண்ட் என்ற அமெரிக்க நரம்பியலாளர் இத்தகைய இணைப்பறுப்புகளை விரிவாக எழுதினார். 2000ஆம் ஆண்டையொட்டி லோரான் கோஹென், ஸ்தனிஸ்லாஸ் தெஹான் ஆகிய பிரெஞ்சு ஆய்வாளர்கள், சொற்களின் வடிவத்தை ஒரே பார்வையில் இனங்காண்பதில் தேர்ச்சி பெற்ற ஒரு சிறு பகுதி இடப்பக்க மூளையின் அடிப்புறத்தில் இருப்பதை மூளைப் படங்களின் துணையோடு சுட்டிக்காட்டினர். எழுத்தறிந்தவர்களிடம் அந்தப் பகுதி எழுத்து எதுவாக இருந்தாலும் ஏறக்குறைய ஒரே இடத்தில் அமைகிறது. உங்கள் தந்தையாருக்கு மூன்று மொழி வாசிப்பும் ஒன்றாகப் போனதை இதைக் கொண்டு புரிந்துகொள்ளலாம்.

இவ்வளவும் சொன்னபின் ஓர் எச்சரிக்கை. நீங்கள் விவரித்த அறிகுறிகள் இந்த வகையோடு பொருந்துகின்றன என்றாலும், பக்கவாதத்தால் வாசிப்பு கெடும் விதங்கள் பல. விதம் மாறினால் பயிற்சியும் மாறும். எந்த இடத்தில் முறிவு என்று அறியாமல் தொடங்கும் பயிற்சி நோயாளியைச் சோர்வடையச் செய்வதைத்தான் நான் மீண்டும் மீண்டும் பார்த்திருக்கிறேன். ஆகவே சிகிச்சையாளரிடம் போவதற்கு முன் நீங்களே சிலவற்றைக் கவனித்துக் குறித்து வையுங்கள்.

அவர் கண்ணை மூடிக்கொள்ளட்டும். நீங்கள் “ப, ழ, ம்” என்று எழுத்தெழுத்தாகச் சொல்லுங்கள். உடனே “பழம்” என்றால், எழுத்துகளைச் சொல்லாகக் கூட்டும் திறன் காதுவழியாகச் செயல்படுகிறது என்று பொருள். அடுத்து, கண் மூடியபடியே இருக்க, அவருடைய உள்ளங்கையில் உங்கள் விரலால் ஓர் எழுத்தை எழுதுங்கள். அதை இனங்கண்டுகொண்டால் தொடுவழியும் திறந்திருக்கிறது. பிறகு இரண்டெழுத்துச் சொல் ஒன்றையும் ஆறேழு எழுத்துச் சொல் ஒன்றையும் அச்சில் காட்டி, படிக்க எடுக்கும் நேரத்தை ஒப்பிடுங்கள். எழுத்தின் எண்ணிக்கை கூடக்கூட நேரமும் கூடினால், சொல்லை ஒரே பார்வையில் அள்ளும் திறன் போய், எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படிக்கும் நிலையில் இருக்கிறார் என்று கொள்ளலாம். முதல் வாரங்களில் ஓரெழுத்தும் தெரியாதிருந்தவர்கள் இந்த நிலைக்கு வந்து சேர்வது முன்னேற்றத்தின் வழக்கமான முதல் படி.

வலப்பக்கம் இடித்துக்கொள்வதைத் தனியாகப் பார்க்க வேண்டும். இடப்பக்கப் பார்வைப் பகுதி சேதமானால் இரு கண்களிலும் வலப்பாதிப் பார்வை மறையும். கண்ணின் வில்லையில் குறையில்லை. அதனால்தான் புதுக் கண்ணாடி உதவவில்லை. தமிழும் மலாயும் ஆங்கிலமும் இடமிருந்து வலமாக ஓடுபவை. வாசிக்கும்போது நம் பார்வை அடுத்து வரப்போகும் எழுத்துகளை முன்கூட்டியே தொட்டுக்கொண்டு போகிறது; ஆங்கில வாசிப்பை ஆராய்ந்தவர்கள், தேர்ந்த வாசகர் ஒருவர் பார்வை நிலைக்கும் இடத்துக்கு வலப்புறம் சுமார் 14, 15 எழுத்துகள் வரையும் இடப்புறம் மூன்று நான்கு எழுத்துகள் மட்டுமே பயன்படுத்துகிறார் என்று கண்டிருக்கிறார்கள். வலப்பாதி மறைந்தவருக்கு அந்த முன்னோட்டம் இல்லை. எழுத்தை இனங்காணும் திறன் பழுதில்லாமல் இருந்தாலும் இக்குறை ஒன்றே வாசிப்பைத் தடுமாறச் செய்யும். இரண்டும் சேர்ந்திருக்கும் நோயாளிகளும் உண்டு. கண் மருத்துவரிடம் பார்வைப் புலச் சோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். கண்ணாடிக் கடையில் எழுத்துப் பலகையைக் காட்டிச் செய்யும் சோதனையில் இது தெரியாது.

வலப்பக்க மூளையில் பக்கவாதம் வந்தவர்கள் சிலருக்கு நேர்மாறான தொல்லை வரும்: அவர்கள் இடப்பக்கத்தைக் கவனிக்காமல் விட்டுவிடுவார்கள். பார்வை இருக்கும், கவனம் போகாது. “பாலைவனம்” என்பதை “வனம்” என்றும், “கைக்குழந்தை” என்பதை “குழந்தை” என்றும் படித்துவிட்டு, விடுபட்டது தெரியாமலே அடுத்த வரிக்குப் போவார்கள். தமிழில் கொம்பும் ஐகாரக் குறியும் மெய்க்கு இடப்புறம் நிற்பதால் அவை காணாமல் போக இடமுண்டு. பேச்சும் பாதிக்கப்பட்டவர்களின் வாசிப்புக் குறை இன்னொரு வகை. “தேநீர்” என்று எழுதியிருப்பதைப் பார்த்து “காப்பி” என்பார்கள். “வீட்டிற்கு” என்பது “வீடு” ஆகும். அங்கே கண்ணில் கோளாறு இல்லை, மொழியிலேயே பாதிப்பு. உங்கள் தந்தையாருக்கு இவை இரண்டும் இருப்பதாகத் தோன்றவில்லை. எனினும் அவர் செய்யும் பிழைகளை அப்படியே எழுதி வைத்தால் சிகிச்சையாளர் உறுதி செய்துகொள்வார்.

இனி பயிற்சிக்கு வருகிறேன். டெஜெரீன் கண்ட அந்த வணிகர் தாமாகவே கண்டுபிடித்த உபாயம்தான் இன்றும் அடிப்படை: கண்ணுக்குப் பிடிபடாத எழுத்தைக் கைக்குத் தெரியப்படுத்துவது. அச்சிலுள்ள எழுத்தை ஆள்காட்டி விரலால் அதன் மேலேயே வரைந்து செல்ல வேண்டும். வரைந்து முடியும்போது பெயர் நாவில் வந்து நிற்கும். பழகப் பழக மேசையில், பிறகு தொடையில், பிறகு மூடிய கைக்குள் விரல் லேசாக அசைந்தாலே போதுமென்ற நிலை வரும். 2001இல் பக்கவாதம் வந்து இதே வகையில் வாசிப்பை இழந்த ஹோவர்ட் எங்கெல் என்ற கனடிய துப்பறியும் நாவலாசிரியர், நாவின் நுனியால் வாய்க்குள்ளேயே எழுத்து வடிவங்களை வரைந்து படிக்கப் பழகிக்கொண்டார். காலை நாளிதழ் ஏதோ அறியாத அயல்மொழியில் அச்சடித்ததுபோல் தெரிந்ததைக் கொண்டுதான் தமக்கு ஏதோ நேர்ந்துவிட்டது என்று அவர் உணர்ந்தார். எழுதியதைத் தாமே திரும்பப் படித்துத் திருத்துவது அவருக்குப் பெரும்பாடாக இருந்தும், பிறர் துணையோடு 2005இல் புதிய நாவல் ஒன்றை வெளியிட்டார். வாசிப்பு வேகம் அவருக்குப் பழையபடி திரும்பவில்லை. வாசிப்பதை அவர் விட்டுவிடவும் இல்லை.

எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படிப்பவருக்குத் தமிழ் ஒரு விதத்தில் பேருதவி செய்கிறது. ஆங்கிலத்தில் ‘சி, ஏ, டி’ என்று மூன்று பெயர்களைச் சொல்லி முடித்தபின் அதை ‘கேட்’ என்ற ஒலியாக மாற்ற வேண்டும். தமிழில் ‘க’, ‘டை’ என்று சொல்லி முடிக்கும்போதே ‘கடை’ வந்துவிடுகிறது. எழுத்தின் பெயரே அதன் ஒலி. இதனால், ஆங்கிலம் பயிற்றுமொழியாக இருந்த கல்வியைப் பெற்றவர்கூட, தமிழும் சரளமாக வாசித்தவராக இருந்தால், தமிழில் முதலில் கூட்டத் தொடங்குவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் தமிழுக்கே உரிய இடர்ப்பாடுகளும் உண்டு. சொற்கள் ஒட்டிக்கொண்டு நீள்கின்றன. “வந்துகொண்டிருந்தவர்களுக்கு” என்பதைக் கூட்டி முடிப்பதற்குள் தொடக்கம் மறந்துபோகும். ஆகவே தொடக்கத்தில் தரும் வாக்கியங்களை நீங்களே எழுதுங்கள். நீண்ட சொற்களை இடம்விட்டுப் பிரித்து எழுதத் தயங்காதீர்கள். இலக்கணம் பார்ப்பதற்கு இது நேரமில்லை. 247 எழுத்துகள் என்று மலைக்கவும் வேண்டாம். அடிப்படை வடிவங்கள் சிலவே. சிக்கல் வருவது ஒத்த தோற்றமுடையவற்றில்: ண, ன, எ, ஏ, கொ, கோ, துணைக்கால், ர. “கொ” என்பதைக் “கெ”, “ர” என்று பிரித்துப் படித்துவிடலாம். புள்ளி சிறியதாக இருப்பதால் தவறும். தவறினால் சொல்லே மாறும். எழுத்தைப் பெரிதாக்கிப் புள்ளியை மட்டும் அடர்ந்த நிறத்தில் வைத்துப் பாருங்கள்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. உங்கள் தந்தையார் பள்ளியில் எழுதப் பழகிய காலத்தில் னை, லை, ணா, றா போன்றவற்றுக்குப் பழைய வடிவங்கள் புழக்கத்தில் இருந்தன. தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஆணையாக்கியது 1978இல்தான், அதன் பின்னரே இங்கும் அது பரவியது. கை வழியாக வாசிப்பை மீட்கும்போது கைக்குப் பழக்கமான வடிவம் எது என்பது முக்கியமாகிறது. அவர் இன்றும் பழைய ‘லை’யை எழுதுபவராக இருந்தால், அச்சிலுள்ள புதிய ‘லை’யை விரலால் வரையும்போது கை அதை அறிந்த எழுத்தாக ஏற்காமல் தயங்கலாம். முதலில் அவருடைய கையெழுத்து வழக்கத்தைப் பார்த்து, அப்படிப்பட்ட சில எழுத்துகளை மட்டும் தனியாக எழுதிப் பழகச் செய்யுங்கள்.

எழுத்துகள் ஓரளவு பிடிபட்டபின், சொல்லைச் சொல்லாகப் பார்க்கும் வேகத்தை வளர்க்க ஒரே பத்தியைத் திரும்பத் திரும்ப உரக்கப் படிக்கும் முறை உதவும். 1979இல் மோயர் என்ற ஆய்வாளர் இதை ஒரு நோயாளியிடம் கையாண்டு எழுதினார். அதன்பின் பலரும் பின்பற்றி வருகின்றனர். அரைப் பக்கத்துக்கு மிகாத ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்து, நாள்தோறும் சில முறை உரக்கப் படித்து, ஒவ்வொரு முறையும் ஆகும் நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். வேகம் நன்றாகக் கூடியபின் புதிய பகுதிக்கு மாறலாம். பழகிய பத்தி வேகமாவது இயல்பு. பயிற்சி பலிக்கிறதா என்பதைப் புதிய பத்தியை முதல்முறை படிக்க ஆகும் நேரம்தான் காட்டும், அதையும் குறித்துவாருங்கள்.

நம் வீடுகளில் அடிக்கடி நிகழும் ஒரு மயக்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும். நோயாளியின் கையில் அவர் நெடுங்காலம் ஓதிவந்த பக்திப் பாடல் புத்தகத்தைக் கொடுக்கிறார்கள். அவர் முதல் அடியைக் கண்டதும் கடகடவென்று முழுப் பாடலையும் சொல்கிறார். வாசிப்பு வந்துவிட்டது என்று வீடே மகிழ்கிறது; மறுநாள் மருந்துச் சீட்டைப் படிக்க முடியாதபோது வீடே உடைந்துபோகிறது. அவர் சொன்னது நினைவிலிருந்து. பாடல் சொல்வது நல்லதுதான், மன அமைதிக்கும் உதவும். ஆனால் அளவுகோலாக அதைக் கொள்ளக்கூடாது. பயிற்சிக்கு அவருக்கு உண்மையில் அறிய ஆவலுள்ளதைக் கொடுங்கள்: பேரப்பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல், கோயில் திருவிழா அறிவிப்பு, கால்பந்து முடிவுகள், நாளிதழின் தலைப்புச் செய்திகள். இரங்கல் அறிவிப்புகளைத் தவிர்க்கவேண்டும் என்று குடும்பத்தினர் நினைக்கிறார்கள். அவர் வழக்கமாகப் படித்தது அதுவென்றால் தாராளமாகக் கொடுங்கள். பெயர், ஊர், வயது என்று ஒரே அமைப்பில் வருவதால் அடுத்து என்ன வரும் என்று ஊகிக்க எளிது, ஊகம் வாசிப்புக்குத் துணை. ஒரு தடவைக்குக் கால் மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். பக்கவாதத்துக்குப் பின் வரும் அயர்ச்சி சோம்பலால் வருவதன்று. களைத்த பின் செய்யும் பயிற்சியில் பிழைகள்தாம் பழகும்.

வலப்பாதிப் பார்வைக் குறைக்குரிய பயிற்சி வேறு. எழுத்து வரி வலமிருந்து இடமாக நகர்ந்து வர, கண்கள் அதைத் தொடர்ந்து படிக்கும் முறை இந்த வகைக்குப் பயனளிப்பதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் ‘ரீட்-ரைட்’ என்ற பெயரில் இதற்கென ஓர் இலவசப் பயிற்சியை இணையத்தில் அமைத்தார்கள். அதிலுள்ள பாடங்கள் ஆங்கிலத்தில் உள்ளன. தமிழில் செய்ய, எழுத்தை ஓடவிடும் கைப்பேசிச் செயலிகளில் வேகத்தைக் குறைத்து வைத்துக்கொள்ளலாம். தொலைக்காட்சியில் செய்தியின் அடியில் ஓடும் வரியும் அப்படித்தான் நகர்கிறது என்றாலும் அதன் வேகம் நம் கையில் இல்லை. தாளில் படிக்கும்போது ஒவ்வொரு வரியின் வலக்கோடியிலும் சிவப்புக் கோடு ஒன்று போட்டு, அதைக் காணும்வரை கண்ணைக் கொண்டுபோகச் சொல்லுங்கள். பக்கத்தைச் செங்குத்தாகத் திருப்பி, வரி மேலிருந்து கீழாக ஓடுமாறு வைத்துப் படிப்பது எளிதாக இருப்பதாகச் சிலர் சொல்வதுண்டு. முயன்று பார்ப்பதில் நட்டமில்லை.

எந்த மொழி என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். “ஒரே மொழியை வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் குழம்புவார்” என்ற அறிவுரை இந்த நாட்டில் பரவலாக உலவுகிறது. மூன்று மொழிகளில் வாழ்ந்த ஒருவரிடம் இரண்டைப் பறித்தால் மூன்றாவது வலுப்பெறும் என்று எண்ண எனக்கு எந்தக் காரணமும் தென்படவில்லை. ஒவ்வோர் எழுத்துமுறையும் வெவ்வேறு அளவில் பாதிக்கப்படலாம் என்பது உண்மை. ஜப்பானியரிடம் ஒலியெழுத்துகளும் சீன வழிவந்த எழுத்துகளும் வெவ்வேறு விதமாகக் கெடுவதைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. நமக்கு நெருங்கிய கன்னடத்தில், கன்னடமும் ஆங்கிலமும் அறிந்த ஒருவர் வாசிப்பை இழந்ததைப் பிரதிபா காரந்த் என்ற ஆய்வாளர் 1981இல் பதிவு செய்திருக்கிறார். உங்கள் தந்தையார் அன்பு கொண்டு வாசித்தது தமிழ் நாளிதழை. ஆகவே நீண்ட பயிற்சியைத் தமிழில் வைத்துக்கொள்ளுங்கள். மலாயில் அன்றாடம் தேவைப்படும் சொற்களை மட்டும் முழு வடிவமாகப் பழக்குங்கள்: மருந்து உறையிலுள்ள ‘காலி செஹாரி’ (நாளொன்றுக்கு இத்தனை வேளை), கதவிலுள்ள ‘தோலாக்’ (தள்ளு), ‘தாரிக்’ (இழு), கழிப்பறையிலுள்ள ‘லெலாக்கி’ (ஆண்). மலாயை எழுதும் ரூமி எனப்படும் ரோமன் எழுத்தும் ஒலியை ஏறக்குறைய அப்படியே காட்டுவதால் அது விரைவாகவே கைகூடலாம். ஆங்கிலத்துக்கு அவசரமில்லை.

நம் நாட்டுப் பேச்சுச் சிகிச்சையாளர்களில் தமிழ் அறிந்தவர்கள் குறைவு. அதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். தமிழ் தெரியாத சிகிச்சையாளரும் முறிவு எங்கே என்று கண்டறிந்து முறையை வகுத்துத் தரலாம். தமிழில் பாடப்பொருளை நீங்கள் ஆக்கிக் கொடுக்கலாம். பினாங்குப் பெரிய ஆஸ்பத்திரியிலோ செபராங் ஜெயா மருத்துவமனையிலோ அவரைக் கவனிக்கும் மருத்துவரிடம், பேச்சுச் சிகிச்சைப் பிரிவுக்குப் பரிந்துரைக் கடிதம் வேண்டும் என்று நீங்களே கேளுங்கள். பேச்சு தெளிவாக இருப்பவரைப் பேச்சுச் சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும் என்று பலருக்குத் தோன்றுவதில்லை. வாசிப்பும் எழுத்தும் அத்துறைக்கு உட்பட்டவையே. கோலாலம்பூருக்கு வர முடிந்தால், 1995இல் இந்நாட்டில் முதன்முதலாகப் பேச்சு அறிவியல் பட்டப்படிப்பைத் தொடங்கிய மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் சிகிச்சை நிலையத்தையும் நாடலாம். நாசாம் என்று அழைக்கப்படும் மலேசியத் தேசியப் பக்கவாதச் சங்கம் 1996இல், தாமே பக்கவாதத்திலிருந்து மீண்ட ஜேனட் யோ என்பவரால் நிறுவப்பட்டது. அதற்குப் பினாங்கிலும் மையம் இருக்கிறது. அங்கே கிடைப்பதில் பெரியது, தம்மைப் போன்ற பிறரைச் சந்திப்பது. பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு மனச்சோர்வு நோய் வருகிறது. அன்று முழுவதும் பேசாமல் இருந்தார் என்றீர்களே, அது தொடர்ந்தால், தூக்கமும் பசியும் குறைந்தால், அதை மருத்துவரிடம் தனியாகச் சொல்லுங்கள். அதற்கு மருந்து உண்டு.

எவ்வளவு காலம் ஆகும் என்பதை யாராலும் தேதி போட்டுச் சொல்ல இயலாது. தானாக நிகழும் மீட்சியின் பெரும்பகுதி முதல் மூன்று மாதங்களில் நடக்கிறது; பயிற்சியால் வரும் முன்னேற்றம் அதற்குப் பிறகும், ஆண்டுகள் கழித்தும் தொடரலாம். இதற்கிடையில் செய்தி அறியும் வழியை அடைத்து வைக்காதீர்கள். கைப்பேசியில் தமிழ் எழுத்தை உரக்கப் படித்துக்காட்டும் வசதி இருக்கிறது, வாட்ஸ்அப்பில் குரல்பதிவு அனுப்பலாம், மின்னல் எப்.எம். தமிழ் வானொலியில் செய்தி இருக்கிறது. கேட்டுப் பழகினால் படிக்க மாட்டார் என்ற அச்சம் வேண்டாம். காலையில் கேட்ட செய்தியையே பிற்பகலில் நாளிதழில் தேடிப் படிப்பது, பொருள் தெரிந்தபின் எழுத்தைத் துரத்தும் நல்ல பயிற்சியாகவும் அமையும்.

சில நடைமுறைக் காரியங்களை இன்றே செய்துவிடுங்கள். அவரால் கையெழுத்துப் போட முடியும், ஆனால் எதில் போடுகிறார் என்று படிக்க முடியாது. வங்கிப் படிவமோ, சேமநிதிப் பாரமோ, நிலப் பத்திரமோ எதுவாக இருந்தாலும், அவர் நம்பும் ஒருவர் முழுவதையும் உரக்கப் படித்துக்காட்டிய பிறகே கையெழுத்து என்பதைக் குடும்ப விதியாக்குங்கள். அவர் முன்னிலையில், அவர் சம்மதத்தோடு. மாத்திரைகளை நாள், வேளை வாரியாகப் பிரித்த பெட்டியில் வையுங்கள். எண்களைப் படிக்க முடிகிறது என்றால் கட்டங்களில் எண்ணிட்டு விடுங்கள். பார்வைப் புலச் சோதனை முடிந்து மருத்துவர் அனுமதிக்கும்வரை அவர் காரும் ஓட்டக்கூடாது, மோட்டார் சைக்கிளும் ஓட்டக்கூடாது. கடைத்தெருவுக்குத்தானே என்ற விதிவிலக்கும் வேண்டாம். வலப்பக்கத்திலிருந்து வரும் வாகனம் அவருக்குத் தெரியாது.

டெஜெரீனின் நோயாளியைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டியிருக்கிறது. நான்காண்டுகளுக்கும் மேலாக அவர் எழுத்தை நம்பித் தம் காரியங்களை நடத்திவந்தார். 1892 ஜனவரியில் இரண்டாவது பக்கவாதம் தாக்கியது. அது எழுதும் திறனையும் பறித்தது, சில நாள்களில் அவர் இறந்தார். உங்கள் தந்தையாரின் மீட்சி முழுவதும் இப்போது அந்த எழுதும் கையையே நம்பி இருப்பதால், இரண்டாவது அடைப்பு வராமல் காப்பது வாசிப்புப் பயிற்சியின் ஒரு பகுதியே ஆகும். ரத்தக் கொதிப்பு, இனிப்பு நீர், கொழுப்பு ஆகியவற்றின் அளவுகளைக் கட்டுப்பாட்டில் வையுங்கள். அவர் புகைப்பவராக இருந்தால் நிறுத்த வேண்டும். மூளையின் பின்பகுதி அடைப்புகள் பலவற்றுக்கு இதயத்திலிருந்து வரும் ரத்தக்கட்டி காரணமாக இருப்பதால், இதயத் துடிப்பின் ஒழுங்கு பரிசோதிக்கப்பட்டதா என்று கேளுங்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் ஒரு நாளும் நிறுத்தாதீர்கள். முகக்கோணல், கை சோர்தல், பேச்சுக் குழறல் ஆகியவற்றை எல்லாரும் அறிவார்கள். திடீரென்று பார்வையின் ஒரு பாதி மறைவதும், திடீரென்று படிக்க முடியாமல் போவதும், நிலைதடுமாறும் தலைசுற்றலும் அதே அளவு அவசரமான அறிகுறிகள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கியதிலிருந்து நான்கரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். ஆகவே அப்படி எது நேர்ந்தாலும் கிளினிக்குக்கோ கண்ணாடிக் கடைக்கோ அழைத்துச் செல்லாமல் அவசர எண்ணான 999ஐ அழைத்து, அறிகுறி தொடங்கிய நேரத்தையும் சொல்லுங்கள்.